பிரதிநிதியின் மனச்சாட்சியும் பெண்ணின் கடிதமும்

சென்ற தவணையின் ஆரம்பத்தில் எமது மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவைத் திருத்தும் பிரேரணை மீண்டும் சபைக்கு வருமாயின் அவர் எந்தப் பக்கத்தில் வாக்களிப்பார் என்பதே கேள்வி. ஒரு பக்கக் கடிதம். அதில் ஒரே கேள்வி. ஏழு வாரங்கள் கழிந்தபின் பதில் வந்தது. "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உரிய கவனம் செலுத்தப்படும்." அவ்வளவுதான். உறுப்பினரின் கையொப்பங்கூட அதில் இல்லை; அவருக்காக வேறொருவர் ஒப்பமிட்டிருந்தார்.

அக்கடதாசியை ஆசிரியர் ஓய்வறையில் ஒரு நண்பரிடம் காட்டினேன். அவர் என்னிலும் மூத்தவர், சரித்திரம் கற்பிப்பவர், தொழிற்சங்கத்தில் உழைத்து இடமாற்றங்களையும் பழிவாங்கல்களையும் அனுபவித்தவர். அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. அவர் சிரித்தார். "ரீச்சர், நீங்கள் இன்னும் மனுப்போடுகிற காலத்திலேயே இருக்கிறீர்கள். மனு எழுதி எந்த நாட்டில் எந்த உரிமை கிடைத்தது? அதுவும் இந்த விஷயம்! பாண் விலை ஏறிக்கொண்டிருக்கும்போது இதற்கு வர்க்கப் போராட்டத்தில் எந்த இடம்?" என்றார். மணி அடித்துவிட்டது. நான் பதில் சொல்லாமல் வகுப்புக்குப் போய்விட்டேன். அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். மாஸ்ரர் இந்த இதழைத் தவறாமல் வாசிப்பவர்.

முதலில் அப்பிரிவு கூறுவது யாது? 1883ஆம் ஆண்டில் பிரித்தானியர் இயற்றிய சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி, பெண்ணின் உயிரைக் காக்கும் நோக்கத்துக்காகவன்றி வேறெந்தக் காரணத்துக்காகவும் கருவைக் கலைப்பது குற்றம். மூன்று ஆண்டுகள்வரை சிறை; கரு அசையத் தொடங்கிய நிலையாயின் ஏழு ஆண்டுகள்வரை சிறை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதே குற்றவாளி. வன்புணர்ச்சியால் கருவுற்ற பதினான்கு வயதுச் சிறுமிக்கும் அதில் விலக்கு இல்லை. இச்சட்டத்தை ஆக்கியவர்களின் நாட்டில் 1967ஆம் ஆண்டிலேயே சட்டம் மாறிவிட்டது. இந்தியாவில் 1971இல் மாறியது. நாம் மட்டும் விக்டோரியா மகாராணியின் சொத்தைப் பத்திரமாகப் பாதுகாத்து வருகிறோம்.

மனு எழுதிப் பயனுண்டா என்ற கேள்விக்கு விடைதேட நான் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குச் செல்வதைக் கண்டு நண்பர் முகஞ்சுளிக்கக்கூடும். ஏகாதிபத்தியத்தின் தலைநகரிலிருந்து நாம் கற்பதற்கு என்ன இருக்கிறது? இருக்கிறது. அந்நாட்டில் இவ்விஷயம் பெரும்பாலும் மாநிலச் சட்டசபைகளின் கையில் இருந்து வந்தது; 2022ஆம் ஆண்டு யூன் 24ஆந் திகதி உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின் மீண்டும் அவற்றின் கைக்கே வந்துள்ளது. ஐம்பது சட்டசபைகள். ஒவ்வொன்றிலும் அங்கத்தவரின் பெயர் கூப்பிட்டு வாக்குப் பதிவு செய்யப்படுகிறது. பெண்கள் கேட்டார்கள், பிரதிநிதிகள் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்பதற்கு இத்தனை தெளிவான பதிவேடு வேறெங்கும் கிடைப்பது அரிது.

நண்பரின் கட்சிக்கு வலுவான சாட்சியத்தை நானே முதலிற் சமர்ப்பிக்கிறேன். கனெக்டிகட் என்பது சிறியதொரு மாநிலம். அங்கே 1879இல் ஒரு சட்டம் வந்தது. கருத்தடைச் சாதனத்தை விற்பது மாத்திரமன்றி அதைப் பயன்படுத்துவதும் அச்சட்டப்படி குற்றம். கணவனும் மனைவியும் தம் வீட்டு அறையில் அதனைப் பயன்படுத்தினாலும் குற்றம். அச்சட்டத்தைச் சபையில் முன்னின்று நிறைவேற்றியவர் பி. ரி. பார்னம் என்பவர், ஆம், யானையையும் குள்ளரையும் காட்டிக் காசு சேர்த்த அதே சர்க்கஸ் முதலாளிதான். ஊரை ஏமாற்றுவதில் உலகப் புகழ்பெற்ற ஒருவர் ஒழுக்கத்தின் காவலராகச் சட்டசபையில் எழுந்து நின்ற காட்சியை எண்ணிப் பார்க்கலாம். அச்சட்டத்தை நீக்கக் கோரி 1923 முதல் பெண்கள் கனெக்டிகட் சட்டசபைக்கு முன் நின்றார்கள். மார்கரெட் சாங்கர் அங்கு சென்று சாட்சியம் கூறினார். கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் பிரேரணை வந்தது, தோற்றது, மீண்டும் வந்தது, மீண்டும் தோற்றது. நாற்பது ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. இறுதியில் சட்டசபை அதனை நீக்கவேயில்லை. 1961இல் எஸ்டெல் கிரிஸ்வோல்ட் என்ற பெண்மணி வேண்டுமென்றே சட்டத்தை மீறி நியூஹேவன் நகரில் சிகிச்சை நிலையம் திறந்து, கைதாகி, வழக்காடி, 1965 யூன் மாதத்தில் உயர் நீதிமன்றத்தில் வென்றபோதே அது வீழ்ந்தது.

எனவே நண்பர் கூறுவதில் உண்மை இருக்கிறது. சட்டசபை அங்கத்தவர்கள் நாற்பது ஆண்டுக்காலம் கடிதங்களை வாங்கி மேசைக்குள் வைக்கக் கூடியவர்கள். ஆயின் இக்கதை இத்துடன் முடியவில்லை. அடுத்த அத்தியாயம் நியூயோர்க் மாநிலத்தில் நடந்தது.

நியூயோர்க்கில் 1828ஆம் ஆண்டு முதல் இருந்த சட்டம் எமது 303ஆம் பிரிவின் தமக்கை. தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டும் என்பதே அதன் விலக்கும். 1969 பெப்ரவரி 13ஆந் திகதி இச்சட்டத்தைத் திருத்துவது பற்றிச் சட்டசபைக் குழுவொன்று நியூயோர்க் நகரில் விசாரணை நடத்தியது. நிபுணர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள் 15 பேர். அவர்களுள் 14 பேர் ஆண்கள். பதினைந்தாமவர் பெண்தான், ஆனால் கன்னியாஸ்திரி. பிள்ளை பெறுவதைப் பற்றிப் பேச அந்த மாநிலம் முழுவதிலும் தேடி அவர்கள் கண்டுபிடித்த ஒரே பெண் அவர்தான்! கூட்டத்தில் இருந்த இளம் பெண்கள் எழுந்து, "உண்மையான நிபுணர்கள் நாங்கள், எங்களைக் கேளுங்கள்" என்று குரல் எழுப்பினர். குழு தன் கூட்டத்தை மூடிய கதவுக்குப் பின்னே கொண்டுபோயிற்று. அப்பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த மாதம் 21ஆந் திகதி ஒரு மெதடிஸ்த தேவாலய மண்டபத்தில் தாங்களே விசாரணை நடத்தினார்கள். நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் பெண்கள் எழுந்து நின்று தாம் கருக்கலைத்த வரலாற்றைத் தம் வாயாற் கூறினார்கள். அதுவரை அந்நாட்டில் எவரும் அதனைப் பொது மேடையிற் கூறியது இல்லை என்றே சொல்லலாம்.

மறுவருடம் கொன்ஸ்ரன்ஸ் குக் என்ற குடியரசுக் கட்சிப் பெண் அங்கத்தவரும் பிரான்ஸ் லைக்டர் என்ற ஜனநாயகக் கட்சி அங்கத்தவரும் கொண்டுவந்த மசோதா செனற்றில் நிறைவேறி, கீழ்ச்சபைக்கு வந்தது. 24 வாரம்வரை பெண்ணும் வைத்தியரும் தீர்மானிக்கலாம் என்பது மசோதா. நிறைவேற 76 வாக்குகள் வேண்டும். மார்ச் மாத இறுதியில் ஒருமுறை அது போதிய வாக்கின்றி விழுந்தது. 1970 ஏப்ரில் 9ஆந் திகதி மீண்டும் பெயர் கூப்பிட்டார்கள். 74க்கு 74. மசோதா மீண்டும் செத்தது என்று அறிவிக்கும் தறுவாயில் ஒருவர் எழுந்தார். அவர் பெயர் ஜோர்ஜ் மைக்கல்ஸ். ஓபர்ண் என்ற சிறு நகரைச் சேர்ந்தவர். அவருடைய தொகுதியிற் பெரும்பாலானோர் கத்தோலிக்கர். அவர் யூதர். மசோதாவில் அவருக்குத் தனிப்பட்ட வெறுப்பு எதுவும் இல்லை. தொகுதியையும் கட்சிக் குழுவையும் எண்ணி முதல்முறை எதிர்த்து வாக்களித்தார். அன்றும் எதிர்த்தே வாக்களித்திருந்தார். நடுங்கும் கைகளுடன் அவர் பேசினார். தன் மகன் ஒருவன் தன் வாக்குக்காகத் தன்னை மிகக் கேவலமான சொல்லால் ஏசினான் என்றும், இன்னொரு மகன், இம்மசோதாவைக் கொல்லும் வாக்கு உங்களுடையதாக இருக்கவேண்டாம் என்று மன்றாடினான் என்றும் சொன்னார். தன் அரசியல் வாழ்வை இத்துடன் முடித்துக்கொள்வதைத் தாம் அறிவதாகவும் சொல்லித் தம் வாக்கை மாற்றினார். சபாநாயகர் 76ஆவது வாக்கை அளித்தார். இரண்டு நாட்களில் ஆளுநர் ரொக்பெல்லர் கையொப்பமிட்டார்.

மைக்கல்ஸ் சொன்னது பலித்தது. அவ்வருடம் யூன் மாதத்திலேயே அவர் கட்சி அவரைக் கைவிட்டது. நவம்பரில் ஆசனத்தையும் இழந்தார்.

இந்நிகழ்ச்சியை எடுத்துக் காட்டி, "பாருங்கள், தனி மனிதனின் மனச்சாட்சி!" என்று மெய்சிலிர்ப்போர் உண்டு. அம்மனிதரின் தைரியத்தை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆயினும் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. அந்த மனச்சாட்சி பத்து நாட்களுக்குமுன் எங்கே இருந்தது? மசோதாவிலும் மாற்றமில்லை, மனிதரிலும் மாற்றமில்லை. முதல் வாக்கின்போது அவருடைய காதருகே இருந்தவர்கள் கட்சிக் குழுவினர். இரண்டாம் வாக்கின்போது பிள்ளைகள். அப்பிள்ளைகளோ தேவாலய மண்டபத்திற் பெண்கள் பேசியதையும் பத்திரிகைகள் அதனை எழுதியதையும் கல்லூரிகள் விவாதித்ததையும் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையினர். பிரதிநிதியின் மனச்சாட்சி அவரது நெஞ்சுக்குள் தானாகச் சுரக்கும் ஊற்று என்ற கதையை நான் நம்புவதில்லை. அவர் காதில் யார் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அது ஊறுகிறது. மைக்கல்ஸ் காட்டியது இதைத்தான். காட்டியதற்கு விலையும் கொடுத்தார்.

இதற்கு மறுதலையான சாட்சியும் அதே நியூயோர்க்கில் உண்டு. 1970இன் வெற்றிக்குப் பின் பெண்களிற் பலர் வேலை முடிந்தது என்று எண்ணினர். எதிர்த்தரப்பினர் அப்படி எண்ணவில்லை. கோவில் கோவிலாகச் சங்கம் அமைத்தார்கள், ஊர்வலம் சென்றார்கள், அங்கத்தவர்களுக்கு ஓயாமல் எழுதினார்கள். ஜனாதிபதி நிக்சனே நியூயோர்க்கின் கர்தினாலுக்கு ஆதரவுக் கடிதம் எழுதினார். 1972இல், இரண்டே ஆண்டுகளில், அதே சட்டசபை தன் சட்டத்தை ரத்துச் செய்ய வாக்களித்தது. ஆளுநர் ரொக்பெல்லர் தன் மறுப்பதிகாரத்தைப் பயன்படுத்தியிராவிட்டால் அச்சட்டம் அன்றே மறைந்திருக்கும். கடிதம் பயனற்றது என்று நம் தோழர்கள் சிலர் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த 1972தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் எதிரிகள் அவ்வாறு ஒருபோதும் நினைத்ததில்லை. அவர்களுட் பலர் தாம் உயிரொன்றைக் காப்பதாக மெய்யாகவே நம்பி எழுதியவர்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. நம்பியவர்கள் எழுதினார்கள். நாங்களும் நம்புவதாகச் சொல்லிக்கொண்டு ஓய்வறையில் தேநீர் குடிக்கிறோம்.

இவ்விடத்தில் ஓர் ஆராய்ச்சியைக் குறிப்பிட வேண்டும். டேவிட் புறூக்மன், கிறிஸ்தோபர் ஸ்கொவ்ரன் என்னும் இரு அரசியல் ஆய்வாளர்கள், மாநில அரசியல்வாதிகள் ஆயிரக்கணக்கானோரிடம், உங்கள் தொகுதி மக்கள் இன்னின்ன விஷயங்களில் என்ன நினைக்கிறார்கள் என்று ஊகித்துச் சொல்லுமாறு கேட்டு, அந்த ஊகத்தை மக்களின் உண்மையான கருத்துடன் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டனர். இரு கட்சியினருமே தம் மக்களை அவர்கள் உண்மையில் இருப்பதிலும் பார்க்கப் பழமைவாதிகளாகவே எண்ணிக்கொண்டிருந்தனர். குடியரசுக் கட்சியினரிடம் இப்பிழை மிகப் பெரிதாக இருந்தது. அதாவது, எழுதாமல் இருக்கும் பெண்ணின் மௌனம் வெறும் மௌனமாக எஞ்சுவதில்லை. பிரதிநிதியின் மனக்கணக்கில் அது எதிர்ப்பக்கத்து வாக்காகப் பதியப்படுகிறது.

இனி டெக்சாஸ். 2013 யூன் மாதத்தில், 20 வாரத்தின் பின் கருக்கலைப்பைத் தடைசெய்யவும், சிகிச்சை நிலையங்கள்மீது அவை நிறைவேற்ற முடியாத கட்டட விதிகளைச் சுமத்தவும் ஒரு மசோதா அங்கே கொண்டுவரப்பட்டது. கீழ்ச்சபைக் குழுவின் முன் பேசுவதற்கு 700க்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தனர். மாலையில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டியும் வரிசையில் நின்றனர். குழுத் தலைவர் ஒரு கட்டத்தில், சொன்னதையே திரும்பச் சொல்கிறீர்கள் என்று கூறிச் சாட்சியத்தை நிறுத்த முற்பட்டார். ஒரே துன்பத்தைப் பல நூறு பெண்கள் அனுபவித்திருந்தால் சொல் திரும்பத்தானே செய்யும்! அலுப்பூட்டுகிறது என்பது, ஒரு சட்டசபை பெண்களுக்கு அளித்த பதில்களுள் எனக்குத் தெரிந்தவரை மிக நேர்மையானது.

ஐந்து நாட்களின் பின், 25ஆந் திகதி, வெண்டி டேவிஸ் என்ற பெண் செனற்றர் எழுந்தார். விசேட கூட்டத்தொடர் அன்று நள்ளிரவுடன் முடிகிறது. அதுவரை இடைவிடாது பேசினால் மசோதா சாகும். அவர் உட்காரக்கூடாது, எதிலும் சாயக்கூடாது, உண்ணக்கூடாது, விஷயத்தைவிட்டு விலகவும் கூடாது. ஏறத்தாழ 11 மணி நேரம் நின்றார். அந்நேரத்தில் அவர் செய்தது முக்கியமானது. குழுவில் பேசவிடாது தடுக்கப்பட்ட பெண்களின் சாட்சியங்களையும் தமக்கு வந்த கடிதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து உரத்து வாசித்தார். ஒரு கடிதத்தை வாசிக்கையில் குரல் உடைந்து அழுதார். கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவை அவ்வாறு சபையின் பதிவேட்டில் ஏறின. உதவிக்கு ஒருவர் முதுகுப்பட்டி கட்டிவிட்டதும் குற்றமெனக் கண்டுபிடித்தார்கள். பேச்சு விஷயத்தை விட்டு விலகிற்று என்றார்கள். இரவு பத்து மணியளவில் அவரை நிறுத்தினார்கள். நள்ளிரவுக்குச் சிறிது நேரமே இருக்கையில், தன் தந்தையின் மரணச் சடங்கிலிருந்து நேரே வந்திருந்த லெற்றீசியா வான் டி புற்றே என்ற செனற்றர், சபையில் ஒரு பெண் உறுப்பினர் ஆண்களுக்கு மேலாகக் காணப்படுவதற்கும் கேட்கப்படுவதற்கும் எந்தக் கட்டத்திற் கையையோ குரலையோ உயர்த்த வேண்டும் என்று கேட்டார். பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்கள் எழுப்பிய ஆரவாரம் நள்ளிரவு கடக்கும்வரை ஓயவில்லை. வாக்கு நேரம் தவறிற்று. மசோதா செத்தது என்று அதிகாலை மூன்று மணியளவில் அறிவிக்க வேண்டியதாயிற்று.

நண்பர் இங்கே குறுக்கிடுவார் என்பது எனக்குத் தெரியும். அடுத்த மாதமே வேறொரு கூட்டத்தொடர் கூட்டி அதனை நிறைவேற்றிவிட்டார்களே! உண்மைதான். சுமார் 40 ஆக இருந்த சிகிச்சை நிலையங்கள் ஏறத்தாழ 20 ஆகக் குறைந்தன. 2016இல் உயர் நீதிமன்றம் அவ்விதிகளைச் செல்லாதவை எனக் கூறியபோதும் மூடியவற்றிற் பல திறக்கவில்லை. டேவிஸ் 2014இல் ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். 2021இல் ஆறு வாரத் தடை வந்தது. உதவி செய்தவரை எந்த மனிதனும் வழக்குக்கிழுத்து 10,000 டொலருக்குக் குறையாமற் பெறலாம் என்றது அச்சட்டம். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கூலி கொடுத்து வேவு பார்க்கச் செய்யும் இத்தந்திரத்தை நம் நாட்டுக் கிராமச் சண்டியர்கூட யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே கடிதம் ஒன்றே சட்டத்தை மாற்றிவிடும் என்று நான் வாதாடவில்லை. நல்ல நடையில் எழுதினால் நம் பிரதிநிதியின் உள்ளம் உருகும் என்று நம்பும் தாராண்மைவாதிகளும் நம்மிடையே உண்டு; அவர்களுக்கு ஒகையோவைக் காட்டலாம். கன்சாசில் 2022 ஓகஸ்ட் 2ஆந் திகதி, கருக்கலைப்பு உரிமையை அரசியலமைப்பிலிருந்து அகற்றும் திருத்தத்தை மக்கள் ஏறத்தாழ 59 சதவீத வாக்கால் நிராகரித்தனர். வாக்காளர் அதிகம் வராத ஓகஸ்ட் மாதத்தைச் சட்டசபை தேர்ந்தெடுத்ததும் உதவவில்லை. ஒகையோ மக்கள் தங்கள் உரிமையை அரசியலமைப்பில் எழுதக் கையொப்பம் திரட்டத் தொடங்கியதும் அம்மாநிலச் சட்டசபை என்ன செய்தது? ஓகஸ்ட் மாதத் தேர்தல்களுக்கு ஆள் வருவதில்லை, பணம் விரயம் என்று சொல்லி அவற்றைச் சில மாதங்களுக்கு முன்புதான் பெரும்பாலும் ஒழித்திருந்தது. அதே சபை 2023 ஓகஸ்டில் ஒரு விசேட தேர்தல் நடத்தி, இனிமேல் திருத்தம் நிறைவேற 60 சதவீதம் வேண்டும் என்று விதியை மாற்றப் பார்த்தது. மக்கள் அதையும் தோற்கடித்தார்கள். நவம்பரில் ஏறத்தாழ 57 சதவீதத்தால் உரிமையையும் எழுதினார்கள். மிசூரியில் 2024 நவம்பரில் மக்கள் தந்த தீர்ப்பை நீக்கும் பிரேரணையொன்றை மறுவருடம் மே மாதமே சட்டசபை நிறைவேற்றி, 2026ஆம் ஆண்டு மறுவாக்கெடுப்புக்கென்று வைத்தது. பிடிக்காத பதில் வந்தால் கேள்வியை மறுபடி கேட்பது அவர்கள் வழக்கம். வகுப்பில் நாம் சில வேளைகளிற் செய்வதுதான். ஆனால் நாம் மாணவர்களின் பிரதிநிதிகள் என்று சொல்லிக்கொள்வதில்லை.

நண்பரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதற்கு வர்க்கப் போராட்டத்தில் எந்த இடம்?

நியூயோர்க்கின் பழைய சட்டம் இருந்த காலத்தில், வசதியுள்ள பெண்கள் தெரிந்த வைத்தியர் மூலம் வைத்தியசாலையிலேயே "உயிர் காக்கும்" சிகிச்சை பெற்றார்கள். செத்தவர்களிற் பெரும்பகுதியினர் கறுப்பினத்துப் பெண்களும் போட்டோ ரிக்கோப் பெண்களும். சட்டம் ஒன்றுதான்; பணம் அதனை இரண்டாகப் பிரித்தது. 1973 சனவரியில் உயர் நீதிமன்றம் நாடெங்கும் உரிமை வழங்கியபின்னும் இப்பிரிவினை ஒழியவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1976இல், ஹைட் என்ற காங்கிரஸ் உறுப்பினரின் பெயரால் ஒரு திருத்தம் வந்தது: ஏழைகளின் மருத்துவத்துக்கு மத்திய அரசு தரும் பணத்திலிருந்து இதற்கு ஒரு சதமும் கொடுக்கலாகாது. உரிமை எல்லோருக்கும், பயன்படுத்தக் காசு உள்ளவர்களுக்கு. இன்று டெக்சாசில் உள்ள ஒரு நிறுவன முதலாளியின் மகள் விமானச்சீட்டு வாங்குகிறாள். அதே நகரில் உணவு விடுதியில் மேசை துடைப்பவளுக்கு இரண்டு நாள் விடுமுறையும் இல்லை, மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. இங்கே மட்டும் வேறா? கொழும்பிலே பணமும் தெரிந்த வைத்தியரும் உள்ள பெண்ணுக்கு 303ஆம் பிரிவு ஓர் அசௌகரியம். அதற்கு மேல் எதுவுமில்லை. சுதந்திர வர்த்தக வலயத்தில் தையல் இயந்திரத்தின் முன் நிற்கும் பெண்ணுக்கும், தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருப்பவளுக்கும் அது சீழ்பிடித்த கருப்பை, அல்லது பொலிஸ். மாஸ்ரரே, ஏழையை மட்டும் தண்டிக்கும் ஒரு சட்டம் வர்க்கப் பிரச்சினை அன்று என்றால், எதுதான் வர்க்கப் பிரச்சினை?

"உயிரைக் காக்கும் நோக்கம்" என்ற விலக்கு போதாதா என்று கேட்போருக்கும் டெக்சாஸ் பதில் வைத்திருக்கிறது. 2022க்குப் பின் அங்கும் ஏறத்தாழ அதே சொற்கள்தான் சட்டம். கருக்கலைப்புச் செய்த வைத்தியருக்கு ஆயுட்சிறைவரை தண்டனை. விளைவு என்ன? கருச்சிதைவு தொடங்கிக் குருதி பெருகும் பெண்ணின் கட்டிலருகே நின்று, இவள் இன்னும் போதிய அளவு சாகவில்லையே என்று வைத்தியர்கள் காத்திருக்க நேர்ந்தது. பெண்கள் இறந்தார்கள். வைத்தியர்கள் எழுதினார்கள், குடும்பத்தவர்கள் எழுதினார்கள், பத்திரிகைகள் எழுதின. மூன்று ஆண்டுகளின் பின், 2025இல், தடையை ஆக்கிய அதே சட்டசபை, மரணம் கண்ணெதிரே வரும்வரை வைத்தியர் காத்திருக்கத் தேவையில்லை என்று தன் சட்டத்தைத் தானே தெளிவுபடுத்தித் திருத்தியது. தடை தடையாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு வசனத்தால் எத்தனை பெண்கள் வீடு திரும்புவார்கள் என்பதை எண்ணிப் பார்த்து, அந்தக் கடிதங்கள் வீண் என்று சொல்லத் துணிபவர் சொல்லட்டும்.

எமது பாராளுமன்றத்தில் இவ்விஷயம் வராமலும் இல்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது, வன்புணர்ச்சி, முறைதகாப் புணர்ச்சி, கருவின் கடுமையான குறைபாடு ஆகிய நிலைகளில் விலக்களிக்கும் வாசகமும் அத்துடன் முன்வைக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அவ்வாசகம் மீளப்பெறப்பட்டது. எனவே பெயர் கூறி வாக்களிக்கும் சங்கடம் அன்று எவருக்கும் நேரவில்லை. 2017இலும் இதே போன்ற யோசனை எழுந்தது, மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள், அது சட்டமாகவில்லை. மதத் தலைவர்கள் தம் கருத்தைச் சொல்வதைக் குறைகூற முடியாது; அது அவர்கள் வேலை. மற்றவர்கள் எங்கே இருந்தோம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஓபர்ணின் ஜோர்ஜ் மைக்கல்ஸ் தன் பதவியை இழந்தார். ஆயினும் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அரை நூற்றாண்டு கழிந்து யாழ்ப்பாணத்தில் இருக்கும் நான் அறிவேன். என் சொந்த மாவட்டத்தின் பிரதிநிதி எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை நான் அறியேன். உரிய கவனம் செலுத்தப்படும் என்பதை மாத்திரம் அறிவேன்.

இரண்டாவது கடிதத்தை எழுதிவிட்டேன். இம்முறை மாவட்டத்தின் உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்ப எண்ணம்; வரும் பதில்களையும் வராத பதில்களையும் பெயருடன் எழுதிப் பாடசாலைக்கு வெளியே, சங்கக் கூட்டத்தில் வாசிப்பதாக அக்கடிதத்திலேயே சொல்லியிருக்கிறேன். கையொப்பத்துக்காக அடியில் இடம் விட்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது பேர் ஒப்பமிட்டுள்ளனர். அவர்களுள் இருவர் ஆண்கள். கடிதம் திங்கட்கிழமை ஓய்வறை மேசையில் இருக்கும். மாஸ்ரருக்கு அன்று முதலாம் பாடவேளை இல்லை.